ஒரு சொட்டு ஒழுகக் கூடாது

பழைய காரைச் சீர்படுத்துகிறவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். முழுதாகப் பார்த்ததில்லை என்றால் பாதியாவது பார்த்திருப்பீர்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள், தேய்ந்த செருப்பு, பக்கத்தில் ஆறிப்போய் ஏடு படிந்த தேநீர். மீதி உடம்பு காருக்கு அடியில் இருக்கும். குரல் மட்டும் வெளியே வரும். "அந்த அரை இஞ்சு ஸ்பேனர எடு" என்று வரும். எடுத்துக் கொடுத்தால், "நான் கேட்டது அரை இஞ்சு" என்று மறுபடியும் வரும்.

இவரைக் கார் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கார் ஓட்டுகிறவருக்குக் கார் என்பது ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்குவதற்கு. இவருக்கு அந்த மாதிரி அற்ப ஆசைகள் கிடையாது. இவருடைய கார் எங்கேயும் போகாது. போகவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே இவர் மனத்தில் நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டது; பெண்டாட்டி பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்திருக்கும். கார் நகராது.

நாம் பார்க்கப்போகிறவருக்குத் தெருவில் 'ஒரிஜினல்' என்று பெயர். எதைச் சொன்னாலும் "ஒரிஜினலா இருக்கணும்" என்று முடிப்பதால் வந்த பெயர். தண்ணீர் வாரியத்தில் குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கும் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருஷமும் ஊர்த் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு வராமல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒருநாள்கூடத் தூக்கம் கெட்டவரில்லை. "குழாய்னா கசியத்தான் செய்யும்" என்று கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரைத்தான் ஒரு சொட்டு எண்ணெய் ஆட்டிவைத்தது.

கார் வந்தது ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால். மூடிப்போன ஓர் அச்சகத்தின் கொட்டகையில், காகிதக் கட்டுகளுக்கும் எலிக் குடும்பங்களுக்கும் நடுவே கிடந்தது. கதவுகள் பின்பக்கமாகத் திறக்கும். இஞ்சினை மூடியிருக்கும் தகடு புத்தகம் மாதிரி இரண்டு பக்கமும் விரியும். அவரைவிடப் பதினைந்து வயது மூத்தது. பார்த்தவுடனே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பிறந்தபோது கலங்கியதா என்று மனைவி நினைத்துப் பார்த்தார். அப்போது அவர் கசிவு பார்க்கப் போயிருந்தார்.

மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அங்கே எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்', அதனால் நமக்கும். முப்பத்து நாலு வருஷமாக ஒரே பேருந்து, ஒரே நிறுத்தம், தோளில் ஒரே மாதிரிப் பை. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, அப்புறம் ஒரு மணி நேரம் நின்றபடி பயணம். உட்கார இடம் கிடைத்தால் அதை வீட்டில் வந்து ஒரு செய்தியாகச் சொல்லுவார். காரைப் பற்றி அந்த அம்மாள் எதுவும் கேட்கவில்லை. கேட்காத வரத்தைக் கொடுத்தவர் ஒரிஜினல்தான். ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு டாக்டருக்கு விடைகொடுக்கும் விருந்து. கையில் கேக் தட்டோடு, வாயில் பாதிக் கேக்கோடு, தியேட்டர் ஊழியர் அத்தனை பேர் முன்னாலும் அறிவித்தார்.

"இவ ரிட்டயர் ஆகுற அன்னிக்கு என் கார் வாசல்ல வந்து நிக்கும். பின்சீட்ல ராணி மாதிரி ஏறி வீட்டுக்கு வருவா. பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வருஷம் பார்த்தார்கள், இரண்டு வருஷம் பார்த்தார்கள். சிஸ்டர் கத்திரிக்கோலை நீட்டும்போது பெரிய டாக்டர், "சிஸ்டர், கார் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்பார். "கதவு மாட்டியாச்சு டாக்டர்" என்பார் சிஸ்டர். அடுத்த வருஷம், "கதவு கழட்டியாச்சு டாக்டர்" என்பார். யாராவது சிரித்தால், "அவரு எதைச் செஞ்சாலும் நல்லாச் செய்வாரு" என்று கணவருக்காகப் பரிந்து பேசுவார். அப்படிப் பேசிப் பேசியே அந்த அம்மாளுக்கும் அந்தப் பின்சீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. பெரிய ஆசையொன்றும் இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், யார் முழங்கையும் விலாவில் இடிக்காமல் உட்கார்ந்தபடி வீட்டுக்கு வரவேண்டும். வழியனுப்ப வருகிறவர்கள் அதைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

இந்த இனத்தின் பழக்கவழக்கங்களுக்கு வருவோம். முதலாவது, இவர்கள் தனியாக வாழ்வதில்லை. கைப்பேசியில் ஒரு குழுவாக வாழ்கிறார்கள். ஒரிஜினலின் குழுவில் நூற்றுப் பதினெட்டுப் பேர். அதில் ஓடுகிற கார் வைத்திருப்பவர்கள் ஆறு பேர். அவர்களுக்கு அங்கே அவ்வளவு மரியாதை கிடையாது. காலையில் எழுந்ததும் ஒருவர் துருப்பிடித்த திருகாணி ஒன்றைப் படம் எடுத்துப் போடுவார். "ஆஹா" என்று நாற்பது பேர் எழுதுவார்கள். மத்தியானத்துக்குள் அது அசல் திருகாணியா, பிற்காலத்தில் செருகியதா என்று இரண்டு கட்சி ஏற்பட்டு, மாலைக்குள் ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறி, இரவுச் சாப்பாட்டுக்குமுன் திரும்பச் சேர்க்கப்பட்டிருப்பார். அந்தக் கோபக்காரரின் காரில் இன்னும் இஞ்சினே மாட்டவில்லை.

இரண்டாவது, இவர்களிடம் "எப்ப முடியும்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், "இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி" என்று பதில் வரும். பொய் இல்லை. எப்போது கேட்டாலும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருக்கும். அது எந்த வேலை என்பதுதான் மாறிக்கொண்டிருக்கும்.

ஆறாவது வருஷக் கடைசியில், உலகமே எதிர்பாராத வகையில், ஒரிஜினலின் கார் கிளம்பியது. இருமிற்று, உதறிற்று, பிறகு ஒழுங்காக ஓடிற்று. சிஸ்டர் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தார். இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அன்றைக்கே வண்டியைத் துடைத்துப் போர்த்தி வைத்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இல்லை. ஆனால் ஒரிஜினல் குனிந்து பார்த்தார். தரையில் ஒரு சொட்டு எண்ணெய்.

வீட்டில் சமையலறைக் குழாய் நாலு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கிண்ணம் வைத்திருந்தார்கள். அது வேறு விஷயம். காரில் சொட்டுவது வேறு விஷயம்.

மறுநாளிலிருந்து ஒரு சடங்கு ஆரம்பமாயிற்று. ராத்திரி படுக்கப் போகுமுன் இஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளைத்தாளை விரிப்பார். காலையில் பல்கூடத் தேய்க்காமல் போய் அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். எத்தனை சொட்டு, எந்த இடத்தில், எந்த அளவில் என்று பார்த்து, ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு, தேதியும் நேரமும் போட்டு, வீட்டில் கார் நின்ற கொட்டகையின் சுவரில் ஒட்டுவார். 'முன்பக்கம் 2, பின்பக்கம் 3, நடுவில் 1, சந்தேகத்துக்குரியது 1.' சுவர் முழுக்கத் தாள்கள் நிறைந்தபோது சிஸ்டர் வந்து பார்த்தார்.

"ஐ.சி.யூ.ல படுத்திருக்கிற ஆளுக்குக்கூட நாங்க இவ்வளவு எழுதறதில்லைங்க" என்றார்.

"அதான் அங்க ஆளுங்க போயிடறாங்க" என்றார் ஒரிஜினல்.

முக்குப் பட்டறையில் 'டீசல்' என்று ஒரு மெக்கானிக் இருந்தார். எந்த வண்டியையும் காதால் கேட்டே வியாதி சொல்லக்கூடியவர். அவரை அழைத்து வந்தார். டீசல் ஒரு முறை குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய இஞ்சின் சார். இதுல இப்ப வர்ற மாதிரி ரப்பர் சீல் எல்லாம் கிடையாது. பின்னாடி கயித்தச் சுத்தி வச்சிருப்பாங்க, மேல கார்க் பேக்கிங். ஒண்ணு ரெண்டு சொட்டு வரும். விட்டுடுங்க."

"எப்படி விடறது? ஒழுகுதே."

"ஒழுகுதுன்னா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். நின்னுச்சுன்னாதான் பயப்படணும். அடியில ஒரு தட்டு வையுங்க, வீட்டம்மாவ ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. வண்டி ஓட ஓடத்தான் படியும்."

ஒரிஜினலுக்கு முகம் சிவந்தது. தட்டாம். ரவுண்டாம். வேலையைச் சரியாகச் செய்யத் தெரியாதவன் பேசுகிற பேச்சு. டீசல் அன்றோடு சாதிப்பிரஷ்டம் செய்யப்பட்டார். குழுவிலும் இதைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பு போனது. 'இன்றைய மெக்கானிக்குகளின் பொறுப்பின்மை' என்று தலைப்பு. எழுபத்திரண்டு பேர் கை தட்டினார்கள்.

ஆக, இஞ்சினை மறுபடியும் இறக்கினார். தாராளமாக இறக்கினார். ஒவ்வொரு மூடியையும் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சவரக் கத்தியால் சுரண்டி, அந்த விளிம்பைக் கண்ணாடி மேல் வைத்து மேடு பள்ளம் பார்த்து, நாலு நாள் தேய்த்து, கார்க் தாளைத் தானே கத்தரித்து, ஓட்டைகளைத் தானே குத்தி, எண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், இதுவரை செய்ததெல்லாம் மிகச் சரி. கைவேலை அவருக்கு வரும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. திறமை இல்லாதவனுக்கு ஒரு காரைக் கெடுக்க ஒரு நாள் போதும். ஏழு வருஷம் கெடுப்பதற்குத் திறமை வேண்டும்.

அப்புறம் அடைப்புப் பசை. கறுப்பா, சிவப்பா, அந்தக் காலத்து அரக்கா என்று குழுவில் பதினோரு நாள் விவாதம் நடந்தது. இரு தரப்பும் களைத்துப்போன பிறகு இடத்துக்கு ஒன்றாக மூன்றையும் போடுவதென்று தீர்மானித்தார். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தடவினார். போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினார். முறுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. ஒருநாள் சிஸ்டர் கொட்டகை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்களும் திறக்கிறோம், மூடறோம்" என்றார். "ஆனா எங்க ஆளுங்க எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிடறாங்க. உங்க ஆளு ஏழு வருஷமா மேசையிலயே கெடக்காரு."

"செய்யறதச் சரியாச் செய்யணும்."

"எனக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு."

"தெரியும்மா. ஒரே ஒரு வேலைதான் பாக்கி."

இந்தத் தடவை அது கிட்டத்தட்ட உண்மை. இஞ்சினை ஏற்றி மாட்டி, மூன்றே மூன்று நிமிஷம் ஓட்டிப் பார்த்தார். அதற்கு மேல் ஓட்டினால் புகைக்குழாய்க்குப் பூசிய பூச்சு நிறம் மாறிவிடும். இரவு தாளை விரித்தார். காலையில் முன்பக்கம் சுத்தம். பின்பக்கம் சுத்தம். நடுவில் சுத்தம். ஆனால் ஓர் ஓரத்தில், கடுகு அளவில், ஒரு சொட்டு.

எங்கேயிருந்து? சல்லடை போட்டுத் தேடினார். இஞ்சினின் பக்கவாட்டில் ஒரு குழாய் இறங்கியது. கட்டைவிரல் பருமன். மேலே இஞ்சினுக்குள்ளிருந்து புறப்பட்டு, கீழே எதோடும் சேராமல், சும்மா, அந்தரத்தில் வாயைப் பிளந்துகொண்டு முடிந்தது. அதன் உதட்டில்தான் அந்தச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரிஜினல் அந்தத் திறந்த வாயையே வெகு நேரம் பார்த்தார். இத்தனை நாள் இது தன் கண்ணில் படாமல் போனதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. மூடி தொலைந்துபோயிருக்கிறது. வேறென்ன? இவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் ஒரு குழாயை வேலையற்றுத் திறந்தா விட்டிருப்பான்?

டீசலிடம் கேட்டிருக்கலாம். ஆனால் சாதிப்பிரஷ்டம் செய்தவரிடம் போய் எப்படிக் கேட்பது? கசிவுப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் ஒரு குழாயைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பதா?

பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசல் பட்டறைக்குப் போனார். கூடவே நின்று, பக்கத்தில் மூச்சு விட்டு மூச்சு விட்டுக் கடைசல்காரரைப் பைத்தியமாக்கி, மரை போட்ட ஒரு மூடி செய்துகொண்டு வந்தார். அழகான மூடி. மோதிரத்தில் வைத்துக் கட்டலாம் போல இருந்தது. குழாய்க்கும் மரை போட்டு, மூன்று பசையும் தடவி, திருகி முறுக்கிப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். தொண்ணூறு பேர் வாழ்த்தினார்கள். ஒரே ஒருவர், ஓடுகிற கார் வைத்திருக்கும் அந்த ஆறு பேரில் ஒருவர், "இது எந்தக் குழாய்?" என்று கேட்டார். வாழ்த்துகளின் நெரிசலில் அந்தக் கேள்வி மேலே ஏறிப் போய்விட்டது.

மறுநாள் காலைத் தாள் வெள்ளைவெளேர் என்று இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. எதுவுமே இல்லாத அந்தத் தாளுக்கும் தேதி போட்டுச் சுவரின் நடுவில் ஒட்டினார். கண் கலங்கியது.

அந்த நாள் வந்தது. மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் தியேட்டர் ஊழியர் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். சிஸ்டர் வெளிர்நீலப் புடவை உடுத்தி, புதுச் செருப்பு போட்டிருந்தார். கையில் ஒரு பெரிய பூங்கொத்து. மனதுக்குள் இரண்டாவது திட்டமும் இருந்தது. கார் வராவிட்டால், "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிடுவது. ஆனால் வந்தது. திருப்பத்தில் முதலில் ஹாரன் கேட்டது, அப்புறம் அந்த நீண்ட மூக்கு தெரிந்தது. பச்சை நிறத்தில், வெயிலில் மின்னிக்கொண்டு, ஒரு கப்பல் மாதிரி வந்து நின்றது. பெரிய டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். ஏழு வருஷமாக அந்த அம்மாள் கொடுத்த சாட்சியம் எல்லாம் ஒரே நிமிஷத்தில் உண்மையாகிவிட்டது.

டாக்டரே பின்கதவைத் திறந்துவிட்டார். சிஸ்டர் காலை உள்ளே வைக்கப் போனார்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறு" என்றார் ஒரிஜினல். "தரை விரிப்பு புதுசு."

கழற்றினார். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் பூங்கொத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சீட்டின்மேல் பிளாஸ்டிக் உறை இருந்ததால் கொஞ்சம் வழுக்கியது. கண்ணாடியை இறக்கப் போனார்.

"அதத் தொடாத. அந்த வேலை பாக்கி."

கார் நகர்ந்தது. எல்லோரும் கையசைத்தார்கள். ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டி அந்தப் பேருந்து நிறுத்தம் வந்தது. முப்பத்து நாலு வருஷமாக மழையிலும் வெயிலிலும் நின்ற நிறுத்தம். அதைச் சிஸ்டர் உட்கார்ந்தபடி கடந்து போனார். புழுக்கமாக இருந்தது, கால் வெறுமையாக இருந்தது, சீட்டு வழுக்கியது. இருந்தாலும் சிஸ்டருக்கு நெஞ்சு நிறைய சந்தோஷம். அது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஒரிஜினல் முன்னாலிருந்த கண்ணாடியில் ஒரு தரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் பார்த்துக்கொண்டிருந்தது எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரை.

வரும்போது இறக்கம், போகும்போது ஏற்றம். மேம்பாலத்தில் பாதி ஏறியிருப்பார்கள். முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி தானாகக் கழன்று எகிறி உள்தகட்டில் அடித்தது. அடுத்த நொடி முன்கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாக எண்ணெய். புகை. பின்பக்கம் திரும்பிப் பார்த்தால் சாலையில் கறுப்பாக ஒரு கோடு, இவர்களைத் துரத்திக்கொண்டு வந்தது. வண்டியை ஓரம் கட்டினார். ஒரு வருஷமாக ஒவ்வொரு சொட்டாக எண்ணி வட்டமிட்டவர் கண்ணெதிரே மொத்தமும் எண்ணிக்கை இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? பின்னால் திரும்பி, "உனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்பான். ஒரிஜினல் சாதாரண மனிதரா? போட்டிருந்த கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் காருக்கு அடியில் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு குரல், அதில் பெருமைகூட இருந்தது.

"முன்பக்கம் பேக்கிங் அப்படியே இருக்கு. ஒரு துளி வரல. அங்க போட்டது சிவப்பு. பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவர் மல்லாந்து கிடந்தார், மீசை முழுக்க எண்ணெய்.

"இறங்கி வா. முன்சீட்டுக்கு அடியில டார்ச் இருக்கு. அதப் புடி."

சிஸ்டர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். புதுச் செருப்பு நேராக எண்ணெயில் பதிந்தது. டார்ச்சை எடுத்துக் குனிந்து பிடித்தார்.

"கொஞ்சம் இடது பக்கம். ரொம்பப் போயிட்ட. கீழ. ஆட்டாத. தியேட்டர்ல இப்படித்தான் புடிப்பியா?"

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். போகிற வண்டிகளெல்லாம் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. அப்புறம் ஒரு பெரிய வண்டி வந்து பக்கத்தில் நின்ற சத்தம் கேட்டது, ஒரு கதவு திறந்த சத்தம் கேட்டது. "என்ன சிஸ்டர், இங்க நிக்கறீங்க? இன்னிக்கு ஸ்டாப்ல காணோமேன்னு பாத்தேன்" என்று யாரோ கேட்டார்கள். ஒரிஜினலுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் பின்பக்கக் கயிற்றுச் சீல் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் இப்போது கொஞ்சமும் ஆடாமல், சரியான இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஆங், இப்படியே புடி" என்றார். "இத முதல்லயே செஞ்சிருக்கலாம்ல."

அரை மணி நேரம் அந்த நிலையான வெளிச்சத்தில் பேசிக்கொண்டே வேலை பார்த்தார். கறுப்புப் பசையின் குறைகளை விளக்கினார். டீசலைத் திட்டினார். குழுவில் இதை எப்படி எழுதப் போகிறார் என்பதைச் சொன்னார். பதில் எதுவும் வராதது அவருக்கு வித்தியாசமாகப் படவில்லை. கடைசியில் ஸ்பேனர் கேட்டுக் கையை நீட்டினார். கை நீட்டியபடியே இருந்தது. தலையை வெளியே இழுத்துப் பார்த்தார். சாலையில் பூங்கொத்து படுத்திருந்தது. அதன்மேல், தண்டுகளுக்கு நடுவே, அசையாதபடி டார்ச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

வேறு வழியில்லாமல் டீசலுக்கே போன் செய்தார். டீசல் இன்னொரு வண்டியோடும் இழுவைக் கயிற்றோடும் வந்தார். பழசு எதையும் கிளறவில்லை. உள்ளே ஒரு பார்வை பார்த்தார். கையை விட்டு அந்தப் பித்தளை மூடியைத் தொட்டார்.

"இத யார் சார் போட்டது?"

"நான்தான். குழாய் திறந்து கெடந்துச்சு."

"சார், இது இஞ்சின் மூச்சு விடற குழாய். உள்ள வெடிக்கிறப்போ கொஞ்சம் காத்து கீழ எறங்கும். அது வெளிய போறதுக்குத்தான் இந்த வழி. மூக்கப் பொத்திட்டீங்க. அது என்ன செய்யும்? கெடச்ச சந்துல எல்லாம் எண்ணெயத் தள்ளிக்கிட்டு வெளிய வந்திருக்கு. உங்க பேக்கிங் எல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கு, அதுக்குமேல அது என்ன பண்ணும்?"

ஒரிஜினல் அந்த மூடியை விரலால் துடைத்தார். பிறகு, மானத்தின் கடைசி நூலைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குழாய் ஒரிஜினலா?" என்றார்.

"ஒரிஜினல் சார். மூடிதான் டூப்ளிகேட்டு."

வீட்டுக்கு வந்தபோது சிஸ்டர் கால்களை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் படிந்த செருப்பு ஒரு பழைய செய்தித்தாளின்மேல் கிடந்தது. கோபம் எதுவும் முகத்தில் இல்லை. ஒரிஜினலுக்கு அது தைரியம் கொடுத்தது. நின்றபடியே விளக்கினார். மூச்சுக் குழாய், காற்று, அழுத்தம் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்தது போல விளக்கினார்.

"ஒண்ணுமே இல்ல. ஒரு சின்ன மூடி, அவ்வளவுதான். பின்பக்கக் கயித்த மட்டும் மாத்தணும். பத்தே நாள். அப்புறம் நீ ஜம்முனு உக்காந்து வரலாம்."

சிஸ்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கேர்ந்துங்க?" என்றார்.

ஒரிஜினல் வாயைத் திறந்தார். எங்கேயிருந்து? கசிவுப் பிரிவில் முப்பது வருஷம், கொட்டகையில் ஏழு வருஷம், இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் யோசித்ததே இல்லை. நாளையிலிருந்து அந்த ஆஸ்பத்திரி வாசலில் இவர் மனைவி நிற்கப்போவதில்லை. கடைசி நாள் என்பது ஒரு நாள்தான்; அதற்கு மாற்று உருப்படி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரிஜினல் உண்மையாகவே வருத்தப்பட்டார், அதை நாம் மறைக்கக் கூடாது. "தப்புப் பண்ணிட்டேன்" என்றுகூடச் சொல்ல நினைத்தார். ஆனால் அதைச் சரியான வார்த்தையில் சொல்லவேண்டும் அல்லவா? ஏனோதானோ என்று சொல்லலாமா? நன்றாக யோசித்து, நாளைக்கு, ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து கை கழுவப் போனார். அந்த நாளைக்கு வந்து, போய், ஒன்பது மாதம் ஆகிறது. அந்த வாக்கியத்தில் இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கியாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் பழைய கார் இல்லை, எண்ணெய்த் தாள் இல்லை, பித்தளை மூடி இல்லை. நீங்கள் வேறு இனம், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டு உங்களை விட்டுவிடுகிறேன். நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்த பிறகு பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, "இதோ, இத முடிச்சிட்டு வரேன்" என்று தலையைக்கூடத் தூக்காமல் பதில் சொன்னீர்களே. அவர்கள் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை, கவனித்தீர்களா?